முற்றல் இலையும் தலைவர் நாற்காலியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு நான் நான்கு வருஷம் தலைவியாக இருந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, பெருமையாகத்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நெற்றியில் அக்கரப்பத்தனை என்று இருந்தால் வாசிப்பேன். இதை எழுதி முடிக்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை மரணச் சங்கத்துக்குத் தலைமை தாங்கியது எங்கள் தோட்டத்தில்தான் முதல் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

சங்கத்தின் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் கூடாரம், நாற்காலி, பெரிய தேத்தண்ணிக் கேத்தல் எல்லாம் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். குழி வெட்ட நாலு பேர் போக வேண்டும். யார் போவது, எது முதலில் போவது என்று சொல்கிறவர் தலைவர். அதிகாரம் அவ்வளவுதான். நாட்டு ஜனாதிபதி மந்திரிமாரை வைக்கலாம், பாராளுமன்றத்தைக் கலைக்கலாம், ஜெயிலில் இருக்கிறவனுக்கு மன்னிப்புக் கொடுக்கலாம். எனக்கு, எங்கள் வரிசை வீடுகளான மேல் லயத்திலும் கீழ் லயத்திலும் ஒரே நாளில் சாவு விழுந்தால் கூடாரம் எங்கே என்று சொல்லலாம். எங்கள் தோட்டத்து மழைக்கு அது சின்ன அதிகாரம் இல்லை.

சங்கத்துக்கு யாப்பு என்ற சட்டதிட்டம் ஒன்று உண்டு. பல வருஷத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாஸ்டர் ஒருவர் ஒரு கொப்பியில் அழகாக எழுதிக் கொடுத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல், ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. அப்போதிருந்த தலைவர் அது எதற்கு என்று கேட்டாராம்.

"நாட்டின்ர ஜனாதிபதிக்கே ரெண்டு தரம்தான். உங்களுக்கு மட்டும் சாகுமட்டுமோ?" என்றாராம் மாஸ்டர்.

என்னுடைய இரண்டாவது தடவை முடிகிற வருஷம்தான் நாட்டுக்கும் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. முழங்கை நீளத்துக்கு ஓட்டுச் சீட்டு. லயத்தில் எந்த வீட்டுக் காம்பராவுக்குப் போனாலும் அதே பேச்சு. எனக்கு மட்டும் யார் ஜனாதிபதி என்பதைவிட, அடுத்த மாசம் நான் யார் என்பதுதான் கவலையாக இருந்தது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். ஓய்வு வயது வந்ததும் செக்ரோல் என்ற வேலைப் பதிவில் பேரை வெட்டினார்கள். அன்றோடு காலையில் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வீட்டில் கோழியை விரட்டிக்கொண்டு இருந்தேன். தலைவியானதும் எல்லாம் மாறியது. பத்து வயதுப் பிள்ளையிலிருந்து கணக்கப்பிள்ளை வரைக்கும் "தலைவரம்மா" என்றார்கள். தோட்டத்தை நடத்துகிற துரைகூட ஒருநாள் ஜீப்பை நிறுத்திப் பேசினார். அந்த நாற்காலியை விட்டால் திரும்பவும் கோழிதான். எனக்கு அது வேண்டாம்.

என் பக்கத்து ஆட்களுக்கும் அது தெரியும். ஒருநாள் வந்து உட்கார்ந்து, "அந்த ரெண்டு தடவைங்கிற வரியை எடுத்திருவோம் ஆயா. நாட்டுலயே ஒருக்கா எடுத்தாங்கதானே?" என்றார்கள்.

சங்கத்துச் செயலாளர் எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். சின்ன வயசு, எதற்கும் முகம் மாறாத பிள்ளை. "எடுத்தாங்க. அப்புறம் வந்தவங்க திருப்பிப் போட்டுட்டாங்களே," என்றாள்.

"நீ கூட்டத்தைப் போடு, தங்கச்சி," என்றேன். கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் எனக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். வேலை நாளில் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த மண்டபத்தில், தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். வரியை எடுக்க வந்தவர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். எதிர்ப்பக்கத்துக்குத் தலைமை மேல் லயத்துக்காரி. என்னோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்தவள், பிறகு கங்காணியானவள். அவளுக்கும் அந்த நாற்காலியில் கண்.

எங்கள் சங்கத்தில் ஓட்டுப் போடுகிற முறையை நான்தான் கொண்டுவந்தேன். முன்பெல்லாம் கை தூக்குவார்கள். அப்புறம் ஆறு மாசத்துக்கு, "நீ அவளுக்குக் கை தூக்கினவதானே" என்று தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் சண்டை நடக்கும். சீட்டில் எழுதலாமென்றால் பாதிப் பேருக்கு எழுத வராது. அதனால் ஆளுக்கு ஒரு கொழுந்து, ஒரு முற்றல் இலை கொடுப்போம். சேலையால் மறைத்த மூலையில் கூடை இருக்கும். சம்மதமென்றால் கொழுந்தைப் போடு, வேண்டாமென்றால் முற்றல் இலையைப் போடு. மிச்ச இலையை எங்கேயாவது எறி. இதைப் பார்த்துவிட்டு வேறு தோட்டத்துக்காரர்கள் கேட்டுப் போனார்கள்.

ஓட்டு முடிந்தது. கூடையை எடுத்துவந்து தலைவியான என் மடியில் வைத்தார்கள். டீச்சர் எண்ணி எழுதப் பேனை தேடினாள். அதற்குள் தேத்தண்ணி வந்தது, பேச்சும் வந்தது. மேல் லயத்துக்காரி, "என்ன தலைவரம்மா, கூடையக் கண்டதும் பழைய ஞாபகம் வந்திருச்சோ?" என்றாள். "உனக்கு முந்தி நெறுவைக்குப் போய் நின்னவ நானு," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேனை கிடைத்தது. டீச்சர் கூடைக்குள் கையை விட்டாள். கிளறினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தலைவரம்மா, கொழுந்து மட்டுந்தான் இருக்கு. முத்தலு எங்க?"

எல்லாரும் என் காலடியைப் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். முற்றல் இலைகள் பரவிக் கிடந்தன. கடைசி இலை இன்னும் என் விரலில் இருந்தது.

கொழுந்தெடுக்கிறவர்களுக்கு இது விளங்கும். கொழுந்தை நிறுக்கிற நெறுவைக்குப் போகுமுன் கூடையைக் கிளறி முற்றலைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். ஒன்று கிடந்தாலும் கணக்கப்பிள்ளை அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடுவார். முப்பத்தெட்டு வருஷம் மடியில் கூடை வந்தால் கை அதைத்தான் செய்தது. வாய் பேசும், கை பொறுக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. எனக்கு எதிரான ஓட்டை எல்லாம் நானே பொறுக்கி எறிந்திருந்தேன்.

முதலில் ஒரு கிழவி சிரித்தாள். அப்புறம் மண்டபமே சிரித்தது. மேல் லயத்துக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல கை! ஓட்டுப் பொறுக்குற கை!" என்றாள்.

"வேணும்னு செய்யல," என்றேன்.

"சரி, பொறுக்கி எண்ணிப் பாத்திருவோமே," என்றாள் அவள்.

எப்படி எண்ணுவது? ஆளாளுக்கு எறிந்த மிச்ச இலையும் அதே தரையில்தான் கிடந்தது. எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பாதிப்பேர் இதற்குள் தேத்தண்ணி குடிக்க வெளியே போயிருந்தார்கள். இது செல்லாது, திரும்ப ஓட்டு என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். டீச்சர் கொப்பியை விரித்தாள்.

"தன்னைப் பத்தின விஷயம் வந்தா தலைவர் தலைமை தாங்கக் கூடாதுன்னு இருக்குங்க. உப தலைவர்தான் இருக்கணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேங்க. அப்புறம் பாப்போம்னீங்க."

சொல்லியிருப்பாள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நாற்காலியை விட்டு எழுந்தேன். நான்கு வருஷத்தில் கூட்டம் முடியுமுன் எழுந்தது அன்றைக்குத்தான்.

உப தலைவர் தேயிலை பெக்டரியில் வேலை செய்து ஓய்ந்த மனுஷன். கூட்டமென்றால் மூலையில் தூங்குவார். அவரைத் தட்டி எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இலையும் வேணாம் தழையும் வேணாம். வரிய எடுக்கணும்ங்கிறவங்க கதவுப் பக்கம், இருக்கட்டும்ங்கிறவங்க ஜன்னல் பக்கம். வெளிய உள்ளவங்களையும் கூப்பிடுங்க," என்றார். தூங்குகிற மனுஷனுக்கு இவ்வளவு புத்தி இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

நான் கதவுப் பக்கம் போய் நின்றேன். எனக்கு நானே ஓட்டுப் போடுவதில் வெட்கமென்ன? ஜனாதிபதிக்கு நிற்கிறவர் வேறு யாருக்காவது போடுகிறாரா? ஒவ்வொருவராக வந்தார்கள். என் ஆட்கள் வந்தார்கள். எதிர்ப்பக்கமும் நிறைந்தது. கடைசியில் நடுவில் நின்றது என் மருமகள். என்னை ஒருதரம் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

"ஏய், இங்கிட்டு வாடி!" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. ஒவ்வொரு எழவுக்கும் நீங்க போயிட்டு வாறீங்க. விடியக் காலையில குளிக்க அண்டா நெறைய சுடுதண்ணி வைக்கிறது நானு. வெறகு சொமக்கிறதும் நானு. நாலு வருஷம் வச்சாச்சு. இனி மேல் லயத்து மருமக வைக்கட்டும்."

மேல் லயத்துக்காரியின் மருமகளும் கூட்டத்திலேயே இருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஜன்னல் பக்கம் ஐந்து பேர் கூடுதலாக நின்றார்கள். வரி இருந்தபடியே இருந்தது. அதே கூட்டத்தில் மேல் லயத்துக்காரியைத் தலைவியாக்கினார்கள். கூடாரம் வைத்திருக்கும் அறைச் சாவியை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். "வேணும்னுதான் எறிஞ்சியா?" என்று காதோடு கேட்டாள். "கைதான் எறிஞ்சிச்சு," என்றேன். அது சத்தியம். ஆனால் பொறுக்கும்போது மனசுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது என்பதும் சத்தியம். அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கூட்டம், சாவு எதற்கும் போகாமல் கோழியோடு இருந்தேன். மூன்றாவது வாரம், கொப்பியில் வேறு என்னதான் இருக்கிறது என்று டீச்சரை வீட்டுக்குக் கூப்பிட்டு முழுவதும் வாசிக்கச் சொன்னேன். நான் தலைவியாக இருந்த காலத்தில் முழுவதும் கேட்டதே இல்லை. அதில் ஒரு இடம் வந்தது. எந்த அங்கத்தவரும் எழுந்து தலைவரிடம் கேள்வி கேட்கலாம், தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"அத இன்னொருக்கா வாசி, தங்கச்சி."

வாசித்தாள். அடுத்த ஞாயிறு முன்வரிசை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். புதுத் தலைவி வணக்கம் சொல்லி முடிக்குமுன் எழுந்தேன்.

"தலைவரம்மா, போன எழவுல கூடாரம் ஒரு பக்கம் ஒழுகுச்சாமே. யாரு தச்சது?"

மேல் லயத்துக்காரி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கொப்பியைப் பார்த்தாள். எனக்கு இன்னும் ஏழு கேள்வி பாக்கி இருந்தது.