அறைக்குள் மண் கூடாது

தென் ஆஸ்திரேலியாவின் மூன்டா ஊர் முதியோர் இல்லத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது நோரீன் ட்ரெகில்காஸ் எண்பதைத் தாண்டியிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். முழங்கால்கள் கைவிட்டதும் வீட்டை விற்றுவிட்டு, தன் சக்குலென்ட் எனும் சதைப்பற்றுச் செடித் தொட்டிகளோடு இங்கே வந்துவிட்டார்.

வந்த வாரமே ஒரு தொட்டி புதுக் கம்பளத்தில் கவிழ்ந்தது. நிர்வாகி டேரன் ஃபிட்ஸ்னர் அன்றே விதி போட்டார்: அறைகளுக்குள் மண் கூடாது. நோரீனின் தொட்டிகள் அவர் மகளோடு அடிலெய்டுக்குப் போயின. வாசலில் டேரன் ஆசையாக வளர்த்த பெரிய தொட்டி மட்டும் மிஞ்சியது. சாம்பல் நீலத்தில், ரோஜாப்பூப் போலத் தடித்த இலைகள் அடுக்கிய செடிகள்.

"மண்ணுதானே கூடாதுன்னான்? தண்ணி கூடாதுன்னு சொல்லலையே" என்றார் நோரீன்.

அதன்பின் அவருக்குக் காலை நடையில் திடீர் அக்கறை வந்தது. நடைவண்டிக் கூடையில் நகம் வெட்டும் கத்தரி இருக்கும். வெட்டி வந்த செடித் துண்டைத் திரைச்சீலைக்குப் பின்னால் போட்டு, வெட்டுவாய் காயும்வரை விடுவார். பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரின் வாயில் உட்கார வைப்பார். அடித்தண்டு தண்ணீருக்குச் சற்று மேலே தொங்கும்.

"கால் நனையக் கூடாது கண்ணு. தாகம் எடுத்தா அதுவே வேரை நீட்டும்."

நீட்டியது. இளஞ்சிவப்பு நூல் நூலாக.

பக்கத்து அறை வால்டா ஷிர்மருக்கும் ஆசை வந்தது. ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப்போய்க் கழுத்துவரை முக்கி வைத்தார். ஒரே வாரத்தில் கூழாகிவிட்டது.

"ஏன்டி, வளக்கச் சொன்னா ஞானஸ்நானம் பண்ணி வச்சிருக்கே!"

தம்ளர்கள் தீர்ந்ததும் பல்செட் கிண்ணங்கள் காணாமல் போயின. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது வால்டாவின் பற்களைத் தேநீர்க் கோப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வாசல் தொட்டியோ வழுக்கையாகிக்கொண்டே வந்தது. "போசம்தான். கூரையிலேர்ந்து இறங்கி மேயுது" என்று, இரவில் செடி மேய வரும் அந்தச் சிறு விலங்கைத் தடுக்க டேரன் கம்பிவலை போட்டார். அந்தப் போசம் வலையைத் திறந்து, மேய்ந்துவிட்டு, ஒழுங்காக மூடியும் வைத்தது.

"நல்லா வளந்த போசம், டேரன்" என்று நோரீன் ஆறுதல் சொன்னார்.

பிறகு அவர் அறையில் விளக்கு போய்விட்டது. மாற்ற வந்த டேரன், வெளிச்சத்துக்காகத் திரைச்சீலையை விலக்கினார். ஜன்னல் நெடுக அவருடைய செடிகள்.

"நோரீன்! இதெல்லாம் என்னோடது!"

"ஒரு துளி மண்ணு இருக்கா, பாரு."

அவர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். படுக்கை மாற்றிக்கொண்டிருந்த நான் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"பஸ்ல பேசினதுக்கே என்னை நடுவழியில இறக்கி விட்டீங்க. இப்ப நீங்களே திருடறீங்க!"

"அன்னிக்கு நீ பேசல. பாடினே. அதான் இறக்கி விட்டேன்."

டேரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்செட் கிண்ணங்களை மட்டும் திருப்பிக் கேட்டார்.

அந்தக் குளிர்கால மழையில் வாசல் தொட்டியில் மிஞ்சியதும் அழுகிப்போனது. டேரன் காலித் தொட்டியோடு நோரீனின் கதவருகே வந்து நின்றார். வேர் நீண்ட இரண்டைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தார் நோரீன்.

"தண்ணில பழகினது. மண்ணுல வச்சா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வச்சிக்கும். பதறிப்போய் ஊத்தி ஊத்திக் கொன்னுடாதே."

டேரன் சொன்னபடி கேட்டார். வசந்தத்தில் நடுவிலிருந்து புது இலை விட்டது. அதைச் சொல்ல மூச்சிரைக்க ஓடி வந்தார். நோரீன் வால்டாவோடு சீட்டாடிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

"சந்தோஷம். கதவைச் சாத்திட்டுப் போ, எனக்கு நல்ல சீட்டு வந்திருக்கு."