மாவட்ட எல்லைக்கு அப்பால் மூன்று யானைகள்

அந்தச் சிவப்புக் காரில் தேயாமல் இருந்த ஒரே பாகம் ஹோர்ன்தான். இருக்கைகள் கிழிந்திருந்தன. கதவோரங்கள் துருப்பிடித்திருந்தன. கியர்த் தடியின் தலையில் இருந்த இலக்கங்கள் முந்திய சொந்தக்காரர்களின் உள்ளங்கைகளோடு போய்விட்டன. ஸ்டியரிங்கின் நடுவில் இருந்த ஹோர்ன் மட்டும் நேற்றுப் பொருத்தியதுபோல் இருந்தது. ஜேர்மனியில் ஹோர்ன் அடிப்பது தெருவில் நின்று கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் காரை வாங்கிய நானும் சீக்கிரமே நாகரிகம் பழகிவிட்டேன். அதை ஒரே ஒரு முறைதான் அழுத்தினேன். அந்த ஒரு முறைக்காக எனக்கெதிராக நானே இன்றுவரை வழக்காடிக்கொண்டிருக்கிறேன். என் தரப்பு வழக்கறிஞரும் நானே என்பதால் தோற்றுக்கொண்டும் இருக்கிறேன்.

நான் அண்ணை என்று சொல்பவர் எனக்கு உறவில்லை. அகதி விடுதியில் பதினான்கு மாதம் என் மேல்கட்டிலில் படுத்தவர். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், ஊரில் லொறி ஓட்டியவர். என் வழக்கு முதலில் முடிந்தது. நான் அகதியாக ஏற்கப்பட்டு, டோர்ட்மண்டில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவும் பதவிக்கு உயர்ந்தேன். பாதியில் விட்ட பட்டப்படிப்பும் வாசித்துத் தீர்த்த புத்தகங்களும் கொழுப்பு ஒட்டிய சட்டிகளுக்கு முன்னால் பெரும் துணையாக இருந்தன. அண்ணையின் வழக்கு நீதிமன்றத்தில் கிடந்தது. அவர் ஏற்கப்பட்டால்தான் ஊரில் அகதி முகாமில் இருந்த மனைவியும் மகளும் வரலாம். ஏற்கப்படும்வரை, அவர் தன் மாவட்ட எல்லையை அனுமதிச் சீட்டு இல்லாமல் தாண்டக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் தண்டம். இரண்டாம் முறை பிடிபட்டால் அது குற்றம்.

முதல் முறை அவர் ஏற்கனவே பிடிபட்டிருந்தார். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகும் வழியில், ரயில் நிலையத்தில். “கத்தோலிக்கனுக்குத் தேரில என்ன அலுவல் அண்ணை?” என்று கேட்டேன். “வடைக்கு ஏதடாப்பா சமயம்?” என்றார். அவருடைய வழக்கறிஞர் சிரிக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை உம்மீது இன்னொரு புள்ளி விழக்கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னாராம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அவரை ஆபிரிக்காவுக்குக் கூட்டிப்போனேன். பக்கத்து மாவட்டத்தில், எல்லைப் பலகை தாண்டி இருபது நிமிட ஓட்டத்தில், பைன் காட்டுக்கு நடுவே ஒரு விலங்குப் பூங்கா இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் ‘ஆபிரிக்கா’ என்று எழுதியிருக்கும். கம்பிக் கதவு திறந்ததும் சொந்தக் காரிலேயே உள்ளே ஓட்டிப் போகலாம். தீக்கோழி வந்து கண்ணாடி துடைப்பானைக் கொத்தும். வரிக்குதிரைகள் வீதியை மறித்துக்கொண்டு, எங்களைவிட உறுதியான வதிவிட உரிமையோடு நிற்கும். சிங்கங்கள் எந்நேரமும் தூங்கும். அண்ணைக்கு இவை ஒன்றும் பொருட்டில்லை. அவர் பார்க்க வந்தது கடைசிப் பகுதியில் நின்ற மூன்று யானைகளை. அங்கே யானைக்கும் காருக்கும் நடுவில் பள்ளமில்லை, கம்பியில்லை. விசிறி போன்ற காதுகளோடு அவை மணலில் நடக்க, நாங்கள் பத்தடி தள்ளித் தாரில் நிற்போம்.

ஜேர்மனியில் அண்ணைக்கு எதுவும் தெரியாது என்றுதான் எல்லோரும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மொழி தெரியாது, சட்டம் தெரியாது, குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாது. யானைக்கு முன்னால் மட்டும் அவர் நிபுணர். மதவாச்சிப் பக்கத்துக் காட்டு வீதியில் லொறியை நிறுத்தி, யானைக் கூட்டம் கடக்கும்வரை காத்திருந்தவர். “நடுவில நிக்கிறது கிழவி. அவள் காதைப் பாரும். சும்மா விசிறுறாள். அது தலையோட ஒட்ட நிண்டால்தான் யோசிக்க வேணும்” என்பார். வாசலில் தந்த தாளில் எஞ்சினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் வாசித்துக் காட்டினேன்.

“உந்தப் பேப்பரை யானை வாசிச்சதோ? நிப்பாட்டும். அதுக்கு முன்னால இரையிறது மரியாதையில்லை.”

நிறுத்தினேன். இரண்டு கோடைகளில் ஏழெட்டு முறை போயிருப்போம். ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். அந்த அமைதியில் அவர் முகம் இளகுவதைப் பார்க்கவே நான் பெற்றோல் அடித்தேன் என்று சொன்னால் அது என்னை நல்லவனாகக் காட்டும். உண்மையில் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் போக வேறிடம் இருக்கவில்லை.

அந்த ஞாயிறு, யானைகள் நகர்ந்த பிறகு திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டுச் செத்தது. மறுபடி திருப்பினேன். முனகலும் இல்லை. பின்னால் வேறு கார் இல்லை. தாளில் அதற்கும் வழி எழுதியிருந்தது: வெளியே இறங்காதீர்கள், ஹோர்ன் அடியுங்கள், காவலர் வருவார்.

“அடிக்காதையும்” என்றார் அண்ணை. “ஆக்கள் வந்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் பொலிஸ் வரும். நான் இறங்கித் தள்ளுறன். நீர் ரெண்டாம் கியரில போட்டு, நான் சொல்லேக்க கிளச்சை விடும்.”

“அண்ணை, யானை நிக்குது.”

“யானை என்னட்டை விசாவோ கேக்கப்போகுது?”

இறங்கிவிட்டார். கண்ணாடியில் அவர் முதுகு வளைந்தது. கார் ஓரடி உருண்டது, இன்னோரடி உருண்டது. அப்போது கிழவி திரும்பினாள். மணலில் நாலு எட்டு வைத்து எங்கள் பக்கம் வந்தாள். காது விசிறியதா, ஒட்ட நின்றதா? இரண்டு கோடையாக அதைத்தான் படித்தேன். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “விடும்! கிளச்சை விடும்!” என்று அண்ணை கத்தினார். நான் ஹோர்னை அழுத்தினேன். எஞ்சினை எழுப்ப வக்கற்ற பற்றரிக்கு அதற்கு மட்டும் உயிர் இருந்தது. “அடிக்காதையடா!” என்று அவர் குரல் கேட்டும், கையை எடுக்காமல் அழுத்தினேன்.

யானை நின்றது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தது. பிறகு வைக்கோல் இருந்த பக்கம் போனது. வரிபோட்ட ஜீப்பில் காவலர் வந்தார். காரை அலுவலகத்துக்கு இழுத்துப் போனார்கள். யானைகள் நடுவே ஒருவர் இறங்கியதால் பொலிசுக்கு அறிவிப்பது அவர்கள் விதியாம். வந்த பொலிஸ்காரர் மிகவும் மரியாதையானவர். அண்ணையின் அட்டையை வாங்கி, அதில் மாவட்டத்தின் பெயர் இருந்த வரியை விரலால் தொட்டு வாசித்தார். பிறகு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினார்.

அண்ணை குற்றவாளியானார். அடுத்த வசந்தத்தில் அவருடைய வழக்கும் தள்ளுபடியானது. இரண்டுக்கும் தொடர்பில்லை, தீர்ப்பில் யானையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்று வழக்கறிஞர் சொன்னார். அந்தத் தீர்ப்பை அகராதியோடு மூன்று முறை வாசித்தேன். உண்மைதான், இல்லை. ‘சட்ட ஒழுங்கை மதிக்கும் விருப்பம்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது. அண்ணை என்னை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. “நீர் பயந்திட்டீர், தம்பி” என்று ஒரே ஒரு முறை சொன்னார், காய்ச்சல்காரனிடம் சொல்வதுபோல. ஊருக்குத் திரும்பிய பின் ஒரு கடிதம் போட்டார். மகள் தன்னை அடையாளம் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தார். நான் எழுதிய பதில்களுக்குப் பதில் வரவில்லை. இப்போது என்னிடம் சிவப்பு நிற ஜேர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறை அந்த மாவட்ட எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். பலகை வரும்போது காலை பிரேக்குக்குக் கொண்டுபோகிறேன். ஏன் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொன்னதில்லை.

அவர் ஊருக்குப் போவதற்கு முந்திய வாரம், ஒக்டோபர் கடைசியில், விடுதி வாசலில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாளோடு காத்திருந்தார். அனுமதிச் சீட்டு. போகிற மனிதர்தானே என்று அலுவலகத்தில் கேட்டதும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்களாம். காரணம் என்ற இடத்தில் ‘யானை பார்க்க’ என்று எழுதியிருந்தது. பூங்கா வாசலில் கண்ணாடியை இறக்கி, நுழைவுச் சீட்டு விற்ற பெண்ணிடம் அதை நீட்டினார். அவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இது எங்களுக்குத் தேவையில்லையே என்று சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள்.

கடைசிப் பகுதியில் மணல் வெறுமையாகக் கிடந்தது. மழை தூறியது. குளிர் காரணமாக யானைகள் கொட்டிலுக்குள் இருப்பதாக ஒரு பலகை தொங்கியது. அதை அண்ணைக்கு வாசித்துச் சொன்னேன். “மன்னியுங்கோ” என்ற சொல்லையும் அதோடு சொல்லிவிட நினைத்தேன். பலகையோடு நின்றுவிட்டேன்.

“காரைத் திருப்பட்டோ, அண்ணை?”

அவர் உறையிலிருந்து தாளை எடுத்து, சீட்டு முடியும் நேரம் இருந்த கடைசி வரியைத் தடவிப் பார்த்தார்.

“நாலு மணிமட்டும் எண்டு போட்டிருக்கிறான்” என்றார். “நாலு மணிமட்டும் இருப்பம்.”