எண்ணூறு அக்கா போட்ட தாள்

'மூன்று மாதமாகிறது. அந்த அக்கா இன்னும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.'

நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அக்கா இல்லை, அவள்தான். ஆனாலும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். அன்றைய சங்கதியைப் பிறகு யாரிடம் சொன்னாலும், "நம்பாட்டி போங்க, பட்டப்பகல்ல நடந்தது" என்றுதான் ஆரம்பிப்பாள்.

சரக்கு விமானங்களுக்குப் பயணத் திட்டத் தாள் போடுவது அவள் வேலை. போகிற ஊர் மழை மேகத்தில் மூடிக்கொண்டால் இறங்குவதற்கு இன்னொரு நிலையத்தையும் குறிக்க வேண்டும். அங்கே போய்ச் சேரும் நேரத்தில் இரண்டு மைல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். துல்லியமாக இறக்கிவிடும் கருவி வேலை செய்தால் மேகம் அறுநூறு அடிக்குக் கீழே வரக் கூடாது. இல்லையென்றால் எண்ணூறு.

இதையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் இவளுக்கு முன் அங்கிருந்தவளுக்கு 'எண்ணூறு அக்கா' என்று பேர். ஒரு வாரம் இவளுக்கு வேலை பழக்கிவிட்டு, உடம்பு முடியாமல் விடுப்பில் போனாள். பேர் மட்டும் போகவில்லை. "அக்கா போட்ட தாள்னா கண்ண மூடிட்டு ஏறுவேன்" என்பார் கேப்டன், இவளை எதிரில் வைத்துக்கொண்டே. இவளுக்கு வயிறு எரியும். எரிவது தெரியாமல் சிரிப்பாள்.

அன்று மழை. பகல் 2.10. மலையோர நிலையத்தை மாற்றாகப் போட்டாள். போய்ச் சேரும் 4.40க்கு மேகம் அறுநூற்றைம்பது அடி என்று கணிப்பு. கருவிதான் இருக்கிறதே, போதும். அச்செடுத்துக் கையெழுத்திட்டாள்.

2.14. அச்சு இயந்திரம் தானாக ஓடியது... கர்ர்...

மாற்று: கடற்கரை நிலையம். அதன் கீழே, 'எண்ணூறு வேணும்.'

யாரோ விளையாடுகிறார்கள். கிழித்துப் போட்டாள்.

2.17. மறுபடி... கர்ர்... அதே தாள்.

தொலைபேசி அடித்தது. எடுத்தாள். மூச்சுச் சத்தம். பிறகு அந்தக் குரல்.

"எண்ணூறு, கண்ணு..."

"போயும் விட மாட்டீங்களாக்கா?" கத்திவிட்டாள்.

முதுகுக்குப் பின்னால் கேப்டன், "தாள எடுத்துட்டேன்மா!" என்றார். கதவு சாத்தியது.

திரும்பினாள்.

அவள் கையெழுத்திட்ட தாள் மேசையிலேயே இருந்தது. அச்சு இயந்திரத்தில் இருந்த தாளைக் காணோம்.

கேப்டனைக் கூப்பிட வானொலியை எடுத்தாள். அக்கா தப்பு என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். ஆதாரத்துக்காக விமான நிலையங்களின் அறிவிப்புகளைத் திறந்தாள்.

1.55. மலையோர நிலையம். இறக்கிவிடும் கருவி பழுது.

வானொலியை வைத்தாள்.

போன ஊர் மூடிக்கொண்டது. விமானம் கடற்கரையில் இறங்கியது.

மாலை 6.05. மேலாளர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நம்ம எண்ணூறு அக்கா போயிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரிலேர்ந்து இப்பதான் சொன்னாங்க."

"எப்ப சார்?"

"காலைல. பதினொண்ணு இருபதுக்கு."

அவள் தொலைபேசியைப் பார்த்தாள்.

கேப்டன் படமெடுத்து அனுப்பிய தாளை அச்செடுத்து மேலாளர் நீட்டினார். "கருவி பழுதான மலையோரத்துக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்! அக்காவயே மிஞ்சிட்டீங்க. கையெழுத்து மட்டும் விட்டுப்போச்சு, போட்டுடுங்க."

மூன்று மாதமாக அவள் காத்திருந்த வார்த்தை. பேனாவைத் திறந்தாள்... மூடினாள்.

"வேணாம் சார். அது நான் போட்டதில்ல."