மாரியம்மா அக்காவின் குசினி

மதிய இடைவேளையில் அப்பாவின் அழைப்பு வந்தது. "மாரியம்மா எங்களை விட்டுப் போட்டா. வெளிக்கிட்டு வா." மன்னார்த் தீவில், நான் படிப்பிக்கும் பாடசாலையிலிருந்து அடம்பன் பஸ் பிடித்தேன். இருக்கை கிடைத்தும் உட்கார முடியவில்லை.

மாரியம்மா அக்கா எங்கள் அயலவர். அருவியாற்றங்கரையில் எங்கள் காணிக்குப் பின்காணி அவருடையது. மலையகத்திலிருந்து வன்செயலுக்குத் தப்பி வந்து குடியேறியவர். அதன் பிறகும் எத்தனை இடப்பெயர்வு என்று கேட்டால் சிரிப்பார். தேத்தண்ணீரையும் நின்றுகொண்டுதான் குடிப்பார்.

"இருங்கோ அக்கா."

"உக்காந்தா வேர் விட்ரும் தம்பி. புடுங்குறப்ப வலிக்கும்."

நாங்கள் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பியபோது எல்லை வேலிக்கு நட்ட கதியால் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சியது, அப்பாவுக்கு அவருடைய தகப்பன் சொல்லிவைத்த அளவு மட்டும்: ஆற்று விளிம்பிலிருந்து நாலு கயிற்று நீளம். முகாமில் அதைச் சொல்லிச் சொல்லியே காத்தவர், வந்ததும் அளந்தார். நாலாவது கயிறு மாரியம்மா அக்காவின் குசினிக்குள் போய் முடிந்தது. நாங்கள் இல்லாத காலத்தில் ஆறு கரையை அரித்து உள்ளே வந்திருந்தது. அப்பா அதை ஏற்கவில்லை.

அக்கா வாசலில் நின்று கேட்டார்: "ஆறு நகந்தா ஒங்க காணியும் நகருமா அண்ணே? இன்னும் ரெண்டு வெள்ளம் வந்தா அடம்பன் சந்தையே ஒங்களுக்குத்தான்."

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "என்ர அப்பு பொய் சொல்லேல்லை." ஆனாலும் வேலியைக் குசினியை விட்டு எங்கள் பக்கமாகவே அடைத்தார். "இப்போதைக்கு," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குள்தான் அக்கா அதன் பிறகு சமைத்தார்.

மாரி மழைக்கு ஆறு பெருக்கெடுத்தால் வேலி போய்விடும். அப்பா கயிறோடு வருவார். அக்கா உலையை இறக்கிவைத்துவிட்டு, அளந்து முடியும்வரை வெளியே நிற்பார். ஒருமுறை என்னிடம் கேட்டார்: "நா இருக்குற வரைக்கும் ஒங்கப்பா இடிக்க மாட்டாரு. அதுக்குப் பொறவு எம் மகளுக்கு அடுப்பு எங்க தம்பி?"



இந்த மாரியும் வேலியைக் கொண்டுபோயிருந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இரண்டு காணியிலும் கலந்து நின்றார்கள். அக்கா வீட்டுப் பின்பாதையில் வெள்ளம். பாடை எங்கள் வளவுக்குள்ளால் போனது.

சுடலையில் காடாத்துச் சடங்கு முடிந்த பின்னேரம் அப்பா கயிற்றை எடுத்தார். அக்காவின் மகள் செல்வி குசினி வாசலுக்கு வந்து நின்றாள்.

"உடைக்கப் போறீங்களா மாமா?"

அப்பா ஆற்றுப் பக்கம் போகவில்லை. கயிற்றின் ஒரு நுனியை அவளிடம் நீட்டினார்.

"பிடி பிள்ளை. எங்கயெண்டு நீ சொல்லு."

அவள் வாங்கினாள். பிறகு குசினியைச் சுற்றி எங்கள் பக்கம் வந்து, அடுப்புச் சாம்பல் கொட்டுவதற்கு இடம் விட்டு நின்றாள்.

அப்பா அங்கே முதல் கதியாலை நட்டார்.

மழை இன்னும் விடவில்லை. ஆறு இதையும் கொண்டுபோகக்கூடும். ஆனால் செல்வி நின்ற இடம் அப்பாவுக்குத் தெரியும்.

போய் வாருங்கோ அக்கா.