அப்பா உங்கள் வீட்டில் ஏன் சாப்பிடவில்லை

அப்பாவின் இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தங்களில் மூன்று வீட்டாருக்கு அவர் மேல் இன்னும் வருத்தம் உண்டு. துக்கத்துக்கு வந்த இடத்திலேயே சிலர் என்னிடம் கேட்டும் விட்டார்கள். அந்த நாளில் கார் ஓட்டியவன் நான். பதில் சொல்ல வேண்டியவனும் நானே.

உசிலம்பட்டிக்குத் தெற்கே, சொந்தமாக ஒரு சென்ட் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. பள்ளிக்கூடம் இரண்டு மாதம்தான். மதுரைக்கு வந்து சித்தாளாகி, கொத்தனாராகி, விளாங்குடியில் வீடு கட்டி, என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நல்லவர், உழைப்பாளி. எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். இதையும் எழுதாவிட்டால் அவரைப் பற்றி எழுதியதாகாது.

மறைவதற்கு நான்கு மாதம் முன்பு, "சொந்தபந்தத்தப் பாத்துட்டு வருவோம், வண்டிய எடு" என்றார். ஒரு நாள் விடுப்பில் முடித்துவிடலாம் என்று நம்பினேன். வழியில், தாத்தா கூலிக்கு வெட்டிய கிணற்றைக் காட்ட ஒரு மணி நேரம். அவர் இரண்டு மாதம் படித்த பள்ளியின் முன்னால் இன்னொரு மணி நேரம். வேகம் நாற்பதைத் தாண்டினால், "என்ன அவசரம், மெதுவாப் போ" என்பார்.

அது கூடப் பரவாயில்லை. முதல் வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். அப்பா, "இன்னைக்கு விரதம்" என்றார். அடுத்த வீட்டில், "பல்லு வலி" என்றார். இரண்டு வீட்டிலும் அவருக்கும் சேர்த்து நான் தின்றேன்.

"விரதம்னீக, இப்பப் பல்லு வலிங்கிறீக. ரெண்டு வீடும் போன்ல பேசிக்கிட்டா என்னப்பா பண்றது?"

"பேசட்டும். நீ ரோட்டப் பாரு."

மூன்றாவதாகப் போன சித்தப்பா வீட்டில் மோரைக் கூடத் தொடவில்லை. சித்தப்பா முகம் சுண்டிப் போனது. "ஏண்ணே, மகன் படிச்சு வேலைக்குப் போனதும் எங்க வீட்டுத் தண்ணி எறங்க மாட்டேங்குதா?" என்று கேட்டார். அப்பா சிரித்து மழுப்பினார். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. என் படிப்பையா இழுக்க வேண்டும்? காரில் ஏறியதும் சண்டை போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருமங்கலத்தை நெருங்கும்போது கண்ணைத் திறந்து, "ஒன் அத்தை வீட்டுக்குத் திருப்பு" என்றார். நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அத்தை மகளின் காதுகுத்தில், தாய்மாமனான அப்பாவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவர், வாக்குவாதம் முற்றி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

அத்தை வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். அப்பா நலம் கூட விசாரிக்கவில்லை.

"ஏத்தா, சோறு இருக்கா?"

அத்தை தலையை நிமிர்த்தவில்லை. நாங்கள் வருமுன்பே போன் வந்து சேர்ந்திருந்தது. "மூணு வீட்டுல கறியும் சோறும் வேண்டாம்னீகளாமே. அங்க எறங்காதது இங்க எறங்குமாக்கும்?"

"அங்க தின்னுட்டு வந்தா இங்க பேருக்குத்தான திங்கணும். பசிக்குது, போடு."

அத்தை எழுந்து கொல்லைக்குப் போய் இரண்டு இலை அறுத்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கத்திரிக்காப் புளிக்கொழம்புதான் இருக்கு. இந்தத் தடவ எலைய மூடிட்டுத்தான் எந்திரிக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

அப்பா மூன்று முறை சோறு வாங்கினார். இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டுத்தான் எழுந்தார். என்னையும் அத்தை விடவில்லை. எனக்கு அது நான்காவது சாப்பாடு.

திரும்பும்போது, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? மூணு வீட்டுல கெட்ட பேரு" என்றேன்.

"சொன்னா நீ போன் போட்டுருவ. அவ கறியெடுத்து ஆக்கி வச்சிருவா. நான் என்ன விருந்தாளியாவா போனேன்?"

அந்த நாளை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஆனால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மூன்று வாரமும் கஞ்சி கொண்டுவந்து ஊட்டியவர் அத்தை. அவருக்கும், அன்று மனம் நொந்தும் கடைசிவரை எங்களோடு நின்ற மூன்று வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவுக்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று முதலாண்டு நினைவுச் சமையல் அத்தை கையால். விரதம், பல்லு வலி என்று யாரும் சொல்லாமல், உட்கார்ந்து சாப்பிட்டுப் போங்கள்.