துரைக்கு ஊசி நேரம்

கால்நடை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நாய், பூனை வளர்ப்பவர்களுக்கெல்லாம் அவள் மருந்துக்கடை அக்கா.

"நாய்க்கு வாங்கின உண்ணி மருந்து மிச்சம் இருக்குக்கா. பூனைக்கும் ரெண்டு சொட்டு விட்டுடவா?"

"விடுங்க. பூனை வெட்டி வெட்டி இழுக்கும், அப்ப என்னைத் தேடி ஓடி வாங்க. அது நாய் மருந்துங்க, பூனைக்கு விஷம்."

ஊருக்கெல்லாம் இப்படி அதட்டல் போடுகிறவளை வீட்டில் ஒரு பூனை கட்டிப்போட்டிருந்தது. அதன் பெயர் துரை. கிழட்டு வயதில் அதற்குச் சர்க்கரை வியாதி. காலையும் மாலையும் தட்டில் வைத்ததைத் தின்ற பிறகு, பிடரித் தோலைக் கூடாரம் போலத் தூக்கி இன்சுலின் போட வேண்டும். அவள் கைக்கு மட்டும்தான் துரை அசையாமல் நிற்கும். அதனால் கல்யாண வீடோ சாவு வீடோ, பாதியில் எழுந்துவிடுவாள். "துரைக்கு ஊசி நேரம்" என்றால் உறவுக்காரர்கள் இப்போது சிரிப்பதுகூட இல்லை.

தங்கை கடலோரத்து ஊரில் இருந்தாள். அவள் குடும்பம் அடுத்த மாதம் வெளிநாட்டுக்கே போகிறது.

"புள்ளைக்கு உன்னைப் போன்லதான் தெரியும்க்கா. நேர்ல பாத்தா யாருன்னு கேக்கும். பத்து நாள் வந்துட்டுப் போ. இத விட்டா எப்பன்னே தெரியாது."

"இந்தத் துரை விட்டாத்தானேடி!"

"மாமாவைப் போடச் சொல்லு. தையல்காரர்தானே, நாளெல்லாம் ஊசி புடிக்கிற கை."

அந்த நாளெல்லாம் ஊசி பிடிக்கிற கைதான் வம்பாகப் போயிற்று. கணவன் முதல் நாள் போட்ட ஊசி, தூக்கிய தோலின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது. மருந்து ரோமத்தில் வழிந்தது.

"என்ன, சட்டைக்குக் காஜா எடுக்குறீங்களா? உள்ள நிக்கணும்ங்க, அந்தாண்ட வரக் கூடாது."

"சரி, இன்னொண்ணு போட்டுடறேன்."

"ஐயையோ! எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு தடவை போயிட்டா சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துடும். இனி அடுத்த வேளைதான்."

அன்றிலிருந்து காலை ஊசி அவள், மாலை ஊசி அவன். அவன் போட்டதும் அவள் ரோமத்தைத் தடவிப் பார்ப்பாள். விரல் ஈரமானால் ஊசி வீண். அந்த வாரம் முழுக்க விரல் ஈரமாகத்தான் வந்தது. ஈரம் பட்ட ஒவ்வொரு தடவையும் அவள் திட்டினாள். திட்டி முடித்ததும் மனசு ஏனோ லேசானது. அது ஏன் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ரயிலுக்கு முந்தைய நாள் மாலை. அவள் பை கதவோரம் தயாராக இருந்தது. இந்த ஊசி சரியாக விழுந்தால் கிளம்புவது, இல்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்வது என்று பேச்சு. துரை தட்டை நக்கிக்கொண்டிருந்தது. கணவன் மண்டியிட்டான், தோலைத் தூக்கினான், ஊசியை இறக்கி எடுத்தான். துரை காதைக்கூட அசைக்கவில்லை, நக்குவதையும் நிறுத்தவில்லை.

"பாத்தியா! நீதான்னு நெனச்சிருக்கு, திருட்டுப் பய. இனிமே நீ எங்க வேணாலும் போ. பத்து நாள் என்ன, ஒரு மாசம் இருந்துட்டு வா. நாங்க ரெண்டு பேரும் ராஜாவாட்டம் இருப்போம்."

அவள் குனிந்து பிடரியில் விரலை வைத்தாள். அழுத்தித் தடவினாள். ஒரு துளி ஈரமில்லை.

போகலாம். காலையில் அந்தப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினால், மாலை ஏழு மணி ஊசிக்கு இந்த வீட்டில் யாரும் அவளைத் தேடப் போவதில்லை. துரைகூட.

"ஈரமா இருக்கு" என்றாள்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நல்லாத்தானே விழுந்த மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்."

அவன் ஊசியை டப்பாவில் போட்டு மூடினான். "என்னால உன் பயணம் கெட்டுப்போச்சு. நான் எதுக்கும் லாயக்கில்லை."

"பரவாயில்ல விடுங்க. எனக்கு எழுதினது இதுதான்."

தங்கையின் பெயர் போனில் ஒளிர்ந்தது. எடுக்கும் முன், அவன் பார்க்கிறான் என்பதற்காக, காய்ந்த விரலைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள்.