லாரி கம்பெனி பார்க்கப் போனோம்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு ஒரு லாரி முதலாளி வந்தார். கையில் லட்டு டப்பா. பின்னாலேயே பட்டுப் புடவையில் அவர் மனைவி. எனக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சிக்னலில் முன்னால் நிற்கும் லாரியைத் திட்டுவேன் — அவ்வளவுதான். ஆனால் இந்த முதலாளி எங்களுக்குப் பழக்கமான கதை இருக்கிறதே...

சொல்கிறேன்.

மண்ணரைப் பகுதியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் செந்தில். லாரி டிரைவர். இங்கிருந்து பனியன் பண்டல்களை ஏற்றிக்கொண்டு டெல்லி, கொல்கத்தா என்று போகிறவர். போவது பிரச்சினை இல்லை, வருவதுதான் பிரச்சினை. சரக்கை இறக்கிய பிறகு, திரும்பி வர ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை வண்டியோடு அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். முதல் குழந்தை பிறந்தபோது மனிதர் கொல்கத்தாவில் லோடுக்காக உட்கார்ந்திருந்தார். மகளின் முகத்தை முதன்முதலில் பார்த்தது போனில்தான்.

அவர் மனைவி கலாமணி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். மறுபடி மாசமானதும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"இந்தப் பிரசவத்துக்கு நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கோணும். அதுக்குத் தோதான கம்பெனியாப் பாருங்க."

செந்தில் பார்த்தார். இரண்டு இடம் கண்ணில் பட்டது. ஒன்று பெரிய கம்பெனி. ஏ.சி. கேபின், ஜி.பி.எஸ்., யூனிஃபார்ம். இன்னொன்று முதலிபாளையத்தில் ஒரு சின்ன லாரி ஆபீஸ். கேட்டில் 'டிரைவர் தேவை' என்று ஒரு போர்டு. செந்திலின் மனசு அந்த ஏ.சி. கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

"வண்டி சும்மா ஏரோப்ளேன் மாதிரி இருக்குதுங்கக்கா!"

கலாமணி அசரவில்லை. "கம்பெனில சேர்றதும் பொண்ணு குடுக்கற மாதிரிதானுங்கக்கா. ஊடு, காரு எல்லாம் அப்புறம். மொதல்ல ஆளு எப்படின்னு விசாரிக்கோணும். வாங்க, போலாம்."

எங்கள் பக்கத்தில் விசாரிப்பது என்றால் சாதாரணமா? மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் அவர்கள் தெருவுக்கே போய், டீக்கடை, சலூன், எதிர்வீடு என்று ஒன்று விடாமல் கேட்போம். அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கோ அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் சர்க்கரைப் பொங்கல். முதல் ஆளாக ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

பெரிய கம்பெனியில் வண்டி ஓட்டும் ஒருவரின் மனைவி, கலாமணிக்குப் பழைய சிநேகிதி. அவளைப் பிடித்து, "உங்கூட்டுக்காரரு எப்பெல்லாம் ஊட்டுக்கு வருவாருங்க?" என்று கேட்டோம்.

"என்னையக் கேக்கறீங்களே? போன்ல இருக்கற கம்பெனி ஆப்புல கேளுங்க. அதுக்குத்தான் தெரியும்!"

அடுத்த ஆட்டோ சவாரி, முதலிபாளையம். லாரி ஆபீஸ் முதலாளி பெயர் துரைசாமி. அவர் தெரு மளிகைக்கடை அக்காவிடம் கலாமணி ஆரம்பித்தாள்.

"ஆளு எப்படீங்க? கோவக்காரருங்களா? சொன்ன சொல்லக் காப்பாத்துவாருங்களா? தண்ணி கிண்ணி..."

அந்த அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கமான குடும்பமுங்க. கண்ண மூடிட்டு நம்பலாம். பையனும் அப்படித்தானுங்க, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது."

நாங்கள் பையனைப் பற்றிக் கேட்கவே இல்லை. சரி, நாளைக்கு அவன்தானே முதலாளி என்று அதையும் மனசில் குறித்துக்கொண்டோம். முதலாளியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த அக்காவிடமே என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுநாளே துரைசாமி கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை நல்ல நாளுங்க. ஆபீசு எதுக்குங்க? ஊட்டுக்கே வந்துருங்க."

வேலை கேட்டு வருகிற டிரைவரை வீட்டுக்கு அழைக்கிற முதலாளி! கலாமணிக்கு அப்போதே பாதி மனசு நிறைந்துவிட்டது.

மூன்று பேரும் போனோம். வாசலில் பெரிய கோலம். உள்ளே கேசரி, போண்டா, காபி. துரைசாமியின் மகன் அயர்ன் கலையாத சட்டையில் வந்து வணக்கம் வைத்தான். செந்தில் என் காதைக் கடித்தார்.

"டிரைவருக்கு ரொம்பத் தட்டுப்பாடு போல இருக்குதுங்கக்கா..."

கலாமணி கேசரிக்கு மயங்குகிற ஆளா? நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டிரைவருங்கள எப்படீங்க நடத்துவீங்க?"

"கூடப் பொறந்தவங்க மாதிரிங்க."

"அவசரம்னா லீவு குடுப்பீங்களா?"

துரைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீவா? போன வருசம் நம்ம டிரைவர் ஒருத்தரு ஊட்டுல காதுகுத்து. வண்டி டெல்லில லோடு இல்லாம நிக்குது. லோடே வேண்டாம், காலி வண்டியா வந்து சேருன்னுட்டேன். டீசல் போனாப் போகுதுங்க. மனுசந்தானுங்களே முக்கியம்!"

கலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. காலி வண்டியாக வா என்று ஒரு லாரி முதலாளி சொல்லி செந்தில் இதுவரை கேட்டதே இல்லை.

அப்போதுதான் துரைசாமியின் மனைவி காபியை என்னிடம் நீட்டியபடி கேட்டார். "உங்க பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?"

"எனக்குப் பொண்ணே இல்லீங்களே. ஒரே பையன்தான்."

"பொண்ணு எனக்குத்தானுங்க இருக்குது," என்றாள் கலாமணி. "எல்.கே.ஜி. படிக்கறா."

நீட்டிய டம்ளர் நீட்டியபடியே நின்றது.

அந்தப் பையனுக்கு ரொம்ப நாளாக வரன் தேடுகிறார்களாம். இரண்டு பெண்கள் தெருவுக்கு வந்து துருவித் துருவி விசாரித்தால் எங்கள் ஊரில் வேறு என்ன அர்த்தம்? பெண் வீட்டார் வந்து விசாரித்தார்கள் என்று மளிகைக்கடை அக்கா அன்றைக்கே போய்ச் சொல்லிவிட்டார்!

கடித்த போண்டாவை நான் தட்டிலேயே வைத்தேன். செந்தில் எழுந்தே நின்றுவிட்டார். துரைசாமியின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"டிரைவர் வேலைக்குங்களா..." என்றார்.

கலாமணி மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "ஆமாங்க. பொண்ணு குடுக்க வரலீங்க. அதுக்காக, நீங்க சொன்னது இல்லைன்னு ஆயிருமுங்களா? எனக்குப் பிரசவம் வருதுங்க. இவரு பக்கத்துல இருக்கோணும். காலி வண்டியா வரச் சொல்வீங்களா, மாட்டீங்களா?"

துரைசாமி சீலிங் ஃபேனைப் பார்த்தார். பட்டென்று பேசியது அவர் மனைவிதான்.

"பொண்ணூட்டுக்காரங்களுக்கு ஒரு பேச்சு, டிரைவருக்கு ஒரு பேச்சுங்களா? சொல்லுங்க!"

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கடைசியில் துரைசாமியும் சிரித்துவிட்டார். "நாளைக்கு லைசென்ஸ எடுத்துட்டு ஆபீசுக்கு வாங்க தம்பி. இப்பக் கேசரியச் சாப்புடுங்க."

யோசித்துப் பாருங்கள். வேலைக்கு எடுக்கிறவர் நம்முடைய பூர்வீகம் வரை விசாரிக்கிறார். நாம்? சம்பளம் எவ்வளவு, ஏ.சி. உண்டா — அதோடு சரி. இத்தனைக்கும் வீட்டுக்காரரோடு இருக்கும் நேரத்தைவிட முதலாளியோடு இருக்கும் நேரம்தான் பலருக்கும் அதிகம்!

சரி, சொன்ன சொல் என்ன ஆனது?

சென்ற மாதம் செந்தில் டெல்லியில் இருந்தார். பிரசவம் தேதிக்கு முன்பே, ஒரு வாரத்தில் ஆகிவிடும் என்று இங்கே டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே ரிட்டர்ன் லோடு இல்லை. கலாமணி மகளை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. துரைசாமிக்கு நானே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "டெல்லில இருந்துங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். டீசல் கண்முன்னால் ஓடியிருக்கும், பாவம்.

பிறகு சொன்னார்: "காலி வண்டியா வரச் சொல்லீர்றேனுங்க. ஆனா, வெரட்டிட்டு வராம பதனமா வரச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரி வாசலில் செந்தில் நின்றார் — வண்டியிலிருந்து இறங்கிய அதே அழுக்கு லுங்கியில். மகனை முதலில் கையில் வாங்கியது அவர்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து அழுதார்கள். நானும்தான், சொல்வதற்கென்ன!

அந்தக் குழந்தையைப் பார்க்கத்தான் போன வாரம் துரைசாமி லட்டோடு வந்தார். கிளம்பும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "பையனுக்கு இன்னும் ஒண்ணும் அமையலீங்க. யாராச்சும் விசாரிச்சா ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

பெண் வீட்டார் தாராளமாக விசாரிக்க வரலாம். சாட்சி எங்கள் மாடியில் தொட்டிலில் தூங்குகிறான் — கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள்!